மூன்று இலைக் கொன்றை

வீடு மாறி மூன்று வாரமாகியும் பாதிப் பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. பகலெல்லாம் ஆபீஸ், இரவெல்லாம் நிருபமா. இரண்டு வயதுப் பெண்ணுக்குத் தூக்கத்தோடு அப்படி என்ன பகையோ, கடவுளுக்கே வெளிச்சம். அந்த அலுப்போடுதான் மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் சமையலறை ஜன்னலைத் திறந்தேன். தோட்டத்து மூலையில் இதுநாள் வரை சும்மா நின்ற ஒரு செடி, மஞ்சளாகச் சரம் சரமாகப் பூத்துத் தொங்கியது.

"பிரதாப்! இங்க வாங்களேன், கொன்றை!"

என் கணவர் வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தார். "ஸ்டுட்கார்ட்ல ஏது கொன்றை? ஹவுஸ் ஓனரைக் கேட்டுக்கலாம், ஹரி."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? கொன்றை தெரியாதா எனக்கு?"

கிட்டே போனால் இலைகள் மும்மூன்றாக இருந்தன. கொன்றைக்கு இப்படி இருக்காதே என்று ஒரு நொடி உறைத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மனசு உடனே வேறு பக்கம் தாவிவிட்டது. மூன்று இலை என்றால் வில்வம் அல்லவா! சிவனுக்குப் பிடித்த பூவும் இலையும் ஒரே செடியில். அந்த வருடம் எனக்கென்று நடந்த முதல் நல்ல காரியம் இதுதான் என்று தோன்றி, அசட்டுத்தனமாக அழுகை வேறு வந்தது.

குளித்து, அலமாரியில் இருந்த சிவன் படத்துக்குக் கை நிறையப் பூ போட்டேன். வழக்கம்போல நிருபமா பக்கத்தில் வந்து உள்ளங்கையை நீட்டினாள். ஒரு பூவை வைத்து, "கண்ணுல ஒத்திக்கோடா கண்ணா" என்றேன். ஒத்திக்கொண்டாள். மீதிப் பூ இருந்த நைவேத்தியத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு சோபாவில் சாய்ந்தேன். ஐந்தே நிமிஷம் என்றுதான் கண்ணை மூடினேன்.

விழித்தபோது அவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள். உதட்டோரம் மஞ்சள்.

"சாமி பூவைத் தின்னுட்டியாடி வாலு?" என்று சிரித்தேன். அடுத்த நிமிஷம் அவள் வாந்தி எடுத்தாள்.

பிரதாப்தான் போன் செய்தார். குழந்தை மருத்துவர் கொடுத்திருந்த விஷ முறிவு உதவி எண், நல்லவேளை, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. எதிர்முனையில் ஒரு பெண் நிதானமான ஆங்கிலத்தில் என்ன செடி என்று கேட்டார். நான் போனைப் பிடுங்கி, கொன்றையை ஆங்கிலத்தில் "கேசியா" என்றேன்.

"அது எங்கள் குளிரில் வெளியே பிழைக்காதே. இலை எப்படி இருக்கிறது?"

காலையிலேயே பார்த்ததுதானே.

"மூன்று மூன்றாக."

"கோல்ட்ரேகன்" என்று சட்டென ஜெர்மன் பெயரைச் சொன்னார் அவர். "பூ கேசியா மாதிரியே இருக்கும், எல்லாப் பாகமும் விஷம். எத்தனை பூ தின்றாள்?"

எனக்குத் தெரியவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னார்.

சாயங்காலம் வரை குழந்தையின் நெஞ்சில் வயர்களை ஒட்டி வைத்திருந்தார்கள். பிரதாப் மானிட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டித் தொலைத்திருக்கலாம், தாங்கிக்கொண்டிருப்பேன். ஐந்து மணிக்கு மேல் நிருபமா பிஸ்கட் கேட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "தோட்டத்தில் கிடப்பதையெல்லாம் வாயில் போடக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள்."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய? அவள் தோட்டத்திலிருந்து எடுக்கவில்லை, டாக்டர். சாமி தட்டிலிருந்து எடுத்தாள். தினமும் அதே தட்டிலிருந்துதான் கற்கண்டு கொடுக்கிறேன். முதலில் கண், பிறகு வாய். பழக்கியதே நான்தான்.

மறுநாள் காலை எழுந்திருக்கவே தெம்பில்லை. பிரதாப் செடியை வெட்ட ஓனரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். தட்டைக் கழுவித் துடைத்து, பூ இல்லாமல் விளக்கு மட்டும் ஏற்றினேன். பின்னாலேயே வந்து நின்றாள் நிருபமா. கையில் ஊசி குத்திய இடத்தில் கரடி பொம்மை போட்ட பிளாஸ்திரி. உள்ளங்கையை நீட்டினாள்.

கற்கண்டு டப்பாவைத் திறந்து, ஒரு துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கற்கண்டுதான். பயந்துகொண்டே வைத்தேன்.

கண்ணில் ஒத்தி, வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அம்மா கொடுத்ததாயிற்றே.