காரைத் தொடாத கொக்கி

மனிதன் செய்த எந்தப் பொருளுக்கும் பணியாத ஒரே ஆள், எனக்குத் தெரிந்தவரை இல்லினாய் மாநிலத்தில் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

அதனால்தான் அந்த ஜூன் மாதப் பழைய கார் கண்காட்சித் திடலில், என் மாமா வெர்லினின் 1963ஆம் வருடக் கார்வெட் காரைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கயிற்றைத் தாண்டிக் காரை நெருங்க வேண்டுமானால் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். கொக்கி உரசினால் பெயிண்டில் கீறல் விழுமாம். மோதிரமும் கடிகாரமும் கூடாது. ஆக, வழுக்கை விழுந்த பெரிய மனிதர்கள் பலர் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடி காரை வலம் வந்துகொண்டிருந்தார்கள்.

"சர்ச்சுல தொப்பிய மட்டுந்தான் கழட்டச் சொல்றாங்க மாமா. இங்க பேண்ட்டே போயிடும் போல."

"எல்டன், வாய மூடிக்கிட்டு கயித்துக்கு அந்தப் பக்கமே நில்லுடா."

மாமா அந்தக் காருக்கு ஒருபோதும் பெயிண்ட் அடித்ததில்லை. இருக்கை வெடித்திருந்தது, நீலம் வெளுத்திருந்தது. "ஒரு டப்பா பெயிண்ட் வாங்கக்கூட வக்கில்லையா?" என்று அத்தை வருடக்கணக்கில் கேலி செய்துவந்தாள். மாமா வாயே திறக்கவில்லை. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கிறது என்று நடுவர்கள் சொன்னால் ஒரு சின்னப் பித்தளைப் பட்டயம் கொடுப்பார்கள். அவருக்கு அது வேண்டும். அவ்வளவுதான்.

நடுவர் மார்லீன் இடப்பக்கக் கதவருகில் நின்றுவிட்டார்.

"வெர்லின், இந்தக் கதவு மட்டும் நெறம் அடர்த்தியா இருக்கே. யாரோ திரும்ப அடிச்சிருக்காங்க."

"நான் அடிக்கல மேடம். எனக்கு வித்தவரும் அடிக்கலன்னு சத்தியம் பண்ணாரு."

"சத்தியம் எல்லாரும்தான் பண்றாங்க. காரு வாயத் தொறந்து சொல்லுமா?"

மாமாவின் முகம் வெளிறிவிட்டது. நான் அவரைக் கிண்டல் செய்ய ஒன்று தயாராக வைத்திருந்தேன், விழுங்கிக்கொண்டேன்.

மார்லீன் கதவைத் திறந்து, புல்லில் மல்லாந்து படுத்து, கம்பு முனையில் கட்டிய கண்ணாடியை அதன் அடிவிளிம்புக்குக் கீழே நீட்டினார். விளக்கை அடித்தார். வெகுநேரம் அசையவே இல்லை.

"வெர்லின்."

"சொல்லுங்க."

"வாயத் தொறந்திருச்சு."

விளிம்பின் அடியில், பெயிண்டுக்கு மேலே, மஞ்சள் மெழுகுக் குச்சியால் ஒரு ஏழு. தொழிற்சாலையில் சோதித்துப் பார்த்த தொழிலாளி போட்ட குறி. யாராவது திரும்ப அடித்திருந்தால் அது புதுப் பெயிண்டுக்குள் மறைந்துபோயிருக்கும்.

"கதவு மேல மட்டும் ஏதோ சுவரோட நிழல் விழுந்திருக்கும் போல, வெயில் படல. அதான் வெளுக்கல," என்றார் மார்லீன். "ஏழோட வால் மட்டும் இழுத்துக்கிட்டே போகுது. எழுதுறப்ப யாரோ கூப்பிட்டிருப்பாங்க, திரும்பியிருப்பான்."

மாமா புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்டன், பாக்குறியாடா?"

அறுபது வருடத்துக்கு முன்பு யாரோ கூப்பிட்டுத் திரும்பிய ஒருவனின் கை, எத்தனையோ கழுவலுக்கும் துணிக்கும் தப்பி, இன்னும் அந்தக் கதவின் அடியில் இருந்தது.

கடிகாரத்தை அவிழ்த்துப் பையில் போட்டேன். பெல்ட்டை உருவிப் புல்லில் வைத்தேன். ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கயிற்றைத் தாண்டினேன்.