பின்னறைக்குப் போகும் கம்பி

காலையிலிருந்து டிரிப்பாகி விழுந்துகொண்டே இருந்த மெயின் பிரேக்கரைப் பார்க்க எலக்ட்ரீஷியன் வந்தபோது, முன்னறையில் வீட்டுக்காரரின் ஆக்சிஜன் மிஷின் பேட்டரியில் ஓடியபடி கத்திக்கொண்டிருந்தது. வெளியே மழை இருட்டு.

“சீக்கிரம்பா. அவர் மூச்சே அதுலதான் ஓடுது” என்றாள் வீட்டுக்காரி.

எல்லா பிரேக்கர்களையும் இறக்கிவிட்டு மெயினை மட்டும் தூக்கினான். “ஒவ்வொண்ணா போடறேன்க்கா. அந்தந்த ரூம்ல நின்னு, லைட் எரிஞ்சதும் ‘வந்துருச்சு’ன்னு குரல் குடுங்க. மிஷின் ரூம் கடைசி.”

அடுப்படியிலிருந்து, “வந்துருச்சு!” கூடத்திலிருந்து, “வந்துருச்சு!” அடுத்து பின்னறை. அவள் திரும்பி வந்து அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

“அது பூட்டிக் கிடக்கு. நாத்தனார் ரூம். அவங்க செத்துப்போனதுக்கப்புறம் யாரும் தொறக்கல. இருந்தவரைக்கும் நான் போட்ட லைட்டை எல்லாம் பின்னாடியே வந்து அணைப்பாங்க. ‘உங்கப்பன் வீட்டுலயா கரன்ட் காய்க்குது’ன்னு.”

சிரித்தபடியே அவன் பிரேக்கரைத் தூக்கினான்.

“வந்துருச்சு” என்றது பூட்டிய கதவுக்கு உள்ளிருந்து ஒரு பெண் குரல்.

பட்டென்று மெயின் விழுந்தது.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவன் பின்னறை பிரேக்கரை இறக்கி, மெயினைத் தூக்கி, முன்னறைக்குப் போட்டான். மிஷின் ஒருமுறை இழுத்தது. மறுபடியும் மெயின் விழுந்தது. பேட்டரியின் கத்தல் தேய ஆரம்பித்தது.

“அந்த ரூமை அணைச்சாச்சே?”

“சுவரு ஈரம்க்கா. அணைச்சாலும் நியூட்ரல் கம்பி எர்த்தைத் தொட்டு மெயினைத் தள்ளிடுது. கம்பியையே கழட்டிடறேன்.”

மெயினை இறக்கி, பின்னறைக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் திருகாணி தளர்த்தி உருவினான். நுனிகளில் டேப் சுற்றினான். மெயினைத் தூக்கினான். நின்றது. முன்னறை மிஷின் பெருமூச்சுவிட்டு ஓடத் தொடங்கியது.

“அப்பாடா” என்று திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பின்னறைக் கதவின் அடியில் மஞ்சளாக ஒரு கோடு வெளிச்சம். கழற்றிய கம்பிகள் இன்னும் அவன் கையில்தான் இருந்தன. மெயின் பிரேக்கர் மெல்ல அதிர்ந்தது, விழப்போவதுபோல. மிஷின் விக்கியது.

அவள்தான் கதவருகே போனாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கும்பிடவில்லை, அழவில்லை.

“அண்ணி, உங்க தம்பிக்கு மூச்சு வாங்குது. ஆளில்லாத ரூம்ல லைட் எதுக்கு? அணைங்க.”

உள்ளே செருப்புத் தேயும் ஓசை சுவரோரம்வரை வந்தது. ‘டிக்’கென்று ஒரு ஸ்விட்ச்.

கதவடியில் கோடு அணைந்தது. மெயினின் அதிர்வு அடங்கியது. முன்னறையில் மிஷின் சீராக மூச்சு விட்டது.