பல்லில்லாப் பாட்டு

ஒன்டேக்குக்கு வாழ்க்கையில் வந்த கோபங்களிலேயே பெரிய கோபம் பல் டாக்டரின் நாற்காலியில் வந்தது. அதுவும் எந்த நேரத்தில்? வாய் நிறையப் பஞ்சு, முகத்துக்கு நேரே விளக்கு, பாதிக் கன்னம் மரத்துக் கிடக்கிற நேரத்தில். மனுஷன் கத்தக்கூட வழியில்லை.

சுவரில் மாட்டியிருந்த டிவியில் பற்பசை விளம்பரம் ஓடியது. அப்பா, அம்மா, பிள்ளை என்று ஒரு குடும்பமே பல்லைக் காட்டிச் சிரித்தது. பின்னணியில் பியானோ. முதல் மூன்று சுரங்கள் காதில் விழுந்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அது அவருடைய மெட்டு. வாசித்திருக்கும் கையும் அவருடையதே. தன் கையைத் தனக்கே தெரியாதா என்ன? நாலாவது அடியில் ஒரு இடம் காலியாக விட்டிருந்தது. அந்தக் காலி இடத்தில் நகம் பியானோக் கட்டையில் படும் சின்ன ‘டக்’ சத்தம்கூட அப்படியே இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். “ரொம்ப வலிக்குதா சார்?” என்று கேட்டு டாக்டர் இன்னொரு ஊசியைப் போட்டுவிட்டார்.

ஒன்டேக் என்பது ஸ்டுடியோக்காரர்கள் வைத்த பெயர். எந்தத் தாளைக் கொடுத்தாலும், எந்த மெட்டைப் பாடிக் காட்டினாலும், சிவப்பு விளக்கு எரிந்ததும் ஒரே டேக்கில் முடித்துக் கொடுத்துவிடுவார். வாரக் கடைசியில் ஒரு ஹோட்டலின் பாரில் ஜாஸ் வாசிப்பார். அங்கே குடிக்க வந்தவர்கள் குடித்தார்கள், பேச வந்தவர்கள் பேசினார்கள், கேட்க மட்டும் ஒருத்தரும் வரவில்லை. மற்ற நாளெல்லாம் ஸ்டுடியோ. முப்பது வருஷமாக ஊரில் எந்தப் பாட்டில் பியானோ கேட்டாலும் பாதிக்குப் பாதி அவர் கைதான். ரெக்கார்டு உறையைத் திருப்பிப் பார்த்தால் அவர் பெயர் இருக்காது. அதற்கெல்லாம் அவர் வயிறு எரிந்ததில்லை. அடுத்தவன் மெட்டை வாசித்தோம், அடுத்தவன் பெயர் போட்டான், கதை முடிந்தது என்று இருந்தார்.

ஆனால் இந்த மெட்டு வேறு. மகளுக்கு ஆறு வயதில் முன்பல் விழுந்த சமயம், வீட்டுப் பழைய பியானோவில் ஒரு கட்டை ஊமையாகிப் போனது. அழுத்தினால் ‘டக்’ என்று மரச் சத்தம் மட்டும் வரும். “பியானோவுக்கும் பல்லு விழுந்துடுச்சு” என்று அவள் கைகொட்டிச் சிரித்தாள். ரிப்பேர்காரர் வந்தபோது பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து, தொடவே விடவில்லை. சரிதான் என்று, அந்தச் செத்த கட்டையை வைத்தே அவர் ஒரு மெட்டுக் கட்டினார். நாலாவது அடியில் அந்தக் கட்டை வரும், சத்தம் வராது. அந்த இடத்தில் மகள் வாயால் “டிங்” என்பாள். அதுதான் பாட்டு. வீட்டில் அதற்குப் பல்லில்லாப் பாட்டு என்று பெயர்.

அதை வெளியே யாருக்கும் கொடுக்கமாட்டேன், என் சொந்த ரெக்கார்டு ஒன்று போடுவேன், அதில் முதல் பாட்டே இதுதான், ‘டிங்’ நீதான் சொல்ல வேண்டும் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று அந்த ரெக்கார்டு வரவே இல்லை. மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

மரத்த வாயோடு வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். டிவியில் பாட்டைக் கேட்டுவிட்டு மகள் போன் பண்ணினாளாம், அழுதாளாம். “வித்தது வித்தீங்க, என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றார் மனைவி. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். மரத்த நாக்கு புரண்டு என்னமோ உளறலாக வந்தது. மனைவி உள்ளே போய்விட்டார். மகளுக்குப் போன் போட்டால் அவள் எடுக்கவே இல்லை.

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது எல்லாம் விளங்கியது. ஸ்டுடியோவில் உட்கார்ந்ததும் விரலுக்குச் சூடேற்ற எதையாவது வாசிப்பது எல்லோருக்கும் பழக்கம். அவர் வாசிப்பது பல்லில்லாப் பாட்டுத்தான். ஸ்டுடியோ பியானோவில் எல்லாக் கட்டையும் பேசும். ஆனாலும் நாலாவது அடி வந்தால் விரல் கட்டையைத் தொட்டுவிட்டு அழுத்தாமல் நின்றுவிடும். அப்படியே பழகிப் போயிற்று. சத்தம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னாலேயே பதிவை ஓடவிடுவது அங்கே வழக்கம். எடுத்தவன் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? இந்த வருஷம் முழுக்க அவர் வாசித்தது ஒரே ஆளுக்குத்தான். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடும் அந்த இசையமைப்பாளருக்கு. திருடினதுதான் திருடினான், ஓட்டையையும் சேர்த்தா திருடுவான் என்று நினைத்து நினைத்து அவருக்கு ஆத்திரம் ஆறவில்லை.

மறுநாள் காலை மாஸ்டரே கூப்பிட்டனுப்பினார். பற்பசை விளம்பரம் ஏகத்துக்குப் பிடித்துப்போய்விட்டதாம், கம்பெனிக்கு நீளமாக ஒன்று வேண்டுமாம். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். ஒன்டேக் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பியானோமேல் அவருடைய பாட்டே அச்சடித்த தாளாகக் கிடந்தது, மேலே மாஸ்டரின் பெயரோடு. பேஸ் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு மச்சினன் உட்கார்ந்திருந்தான். மனைவியின் தம்பி. அவனை இந்தத் தொழிலுக்குக் கூட்டிவந்ததே ஒன்டேக்தான்.

மாஸ்டர் அந்தப் பக்கம் கம்பெனி ஆட்களுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார், ஸ்பீக்கர் வழியாக அது இந்தப் பக்கமும் கேட்டது. நாலாவது அடியில் தான் ஒரு மௌனத்தை வைத்திருப்பதாகவும், அது கேட்பவரின் மனசுக்காக விட்ட இடம் என்றும், பல ராத்திரி யோசித்து வைத்தது என்றும் சொன்னார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒன்டேக்குக்கு நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது அங்கே பொத்துக்கொண்டது. மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“மௌனமும் இல்ல, மண்ணும் இல்ல. எங்க வீட்டுப் பியானோல அந்தக் கட்டை செத்துப் போச்சு.”

கம்பெனி ஆட்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. உள்ளே வந்து அவர் தோளில் கை வைத்தார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

“நான் பாடிக் காட்டினேன், நீங்க வாசிச்சீங்க. அதான் நடந்துது. இத்தனை வருஷமா அடுத்தவங்க மெட்டையே வாசிச்சிட்டிருக்கீங்க. எது நம்மளுது, எது அவங்களுதுன்னு குழம்பிப் போறது சகஜந்தான்.”

அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். ‘குழம்பிப் போறது’ என்றானே, அந்த ஒரு வார்த்தை அவரைக் கூனிக் குறுக வைத்துவிட்டது. ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்தது. அதுதான் கேவலம். மச்சினன் பக்கம் திரும்பினார். எத்தனை தடவை அந்த வீட்டில் சாப்பிட்டிருப்பான், எத்தனை தடவை அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டிருப்பான்.

“டேய் மச்சான், நீ சொல்லுடா. இது யார் பாட்டு?”

மச்சினன் கிடாரின் முறுக்காணியைத் திருகினான். ஏற்கெனவே சரியாக இருந்த கம்பியை இன்னும் கொஞ்சம் திருகினான்.

“ஆரம்பிக்கலாமா அத்தான்?” என்றான் தரையைப் பார்த்து.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்டேக் கையைக் கட்டையில் வைத்தார். முப்பது வருஷத்துப் பழக்கம், விரல் தானாகவே கிளம்பப் பார்த்தது. கையைப் பிடுங்கிக்கொண்டு மூடியை அறைந்து மூடினார். அந்தச் சத்தம் மட்டும்தான் அன்று பதிவானது. இனி அந்த ஸ்டுடியோ என்ன, எந்த ஸ்டுடியோவும் கூப்பிடாது என்று தெரிந்தேதான் எழுந்து வெளியே போனார்.

நேரே மகள் வேலை பார்க்கும் கடைக்குப் போனார். டிவி விற்கிற பெரிய கடை. ஒரு சுவர் முழுக்க டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே சேனல். கடைச் சட்டை போட்டுக்கொண்டு மகள் யாருக்கோ ரிமோட்டை விளக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்டேக்குக்கு அவள்மேலும் கோபம் வந்தது. விற்பேன் என்று எப்படி நினைத்தாள்?

“நான் விக்கலடி.”

“அப்புறம் எப்படிப் போச்சு? நடந்தா போச்சு?” என்றாள். ரிமோட் கேட்டவர் நைசாக நகர்ந்தார். “இந்தச் சுவரப் பாருப்பா. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் இத்தனை டிவிலயும் அதையே கேட்டுட்டு நிக்கிறேன். எவனோ பல்லு விளக்கவா என் பாட்டு?”

அவர் நடந்ததைச் சொன்னார். சூடேற்ற வாசித்தது, ஓடிக்கொண்டிருந்த பதிவு, மாஸ்டர் சொன்னது, அவள் தாய்மாமன் தரையைப் பார்த்தது, எல்லாம். அவள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

“வீட்டுப் பாட்ட எதுக்குப்பா அங்க போய் வாசிச்ச?”

“ஊரான் பாட்டையே வாசிக்கிற கை. நடுவுல ஒரு நிமிஷமாவது அதுக்கு அதோட சொந்தம் வேணும்னு இருந்துச்சு.”

அவள் பதில் சொல்வதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. சுவர் முழுக்க அந்தக் குடும்பம் பல்லைக் காட்டியது. பாட்டு நாலாவது அடிக்கு வந்தது, காலி இடம் வந்தது.

“டிங்,” என்றாள் மகள்.

வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அவளே திடுக்கிட்டாள். டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பி, இப்போது வந்த சத்தம் எந்த டிவியிலிருந்து என்று விசாரித்தார். அந்த டிவிதான் தனக்கு வேண்டுமாம்.

“எந்த டிவியும் இல்ல சார். அது எங்க வீட்டுது,” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினாள். “போகாத. இன்னும் கொஞ்ச நேரத்துல திரும்பப் போடுவான்.”

இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு காத்து நின்றார்கள். மறுபடி போட்டான். இந்தத் தடவை ஒன்டேக்கும் சேர்ந்து “டிங்” என்று கத்தினார். மேனேஜர் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.