ஜெப நேரத்துச் சிக்கெடுப்பு

மாடம்பாக்கத்தில் சாராள் வீட்டு நாயைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. மேரி பிஸ்கட் நிறம், மூக்கு நுனியிலிருந்து வால் வரை சுருட்டை முடி. பூடில் ஜாதியும் பெயர் தெரியாத இன்னொரு ஜாதியும் கலந்தது. மகள் ஹெப்சி பொத்தேரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஹாஸ்டலில் யாரோ வைத்துக்கொள்ள முடியாமல் தவித்த குட்டியைத் தூக்கிவந்து 'சேமியா' என்று பெயரும் வைத்தாள். பிறகு வேலை கிடைத்து ஹைதராபாத்துக்குப் போய்விட்டாள். குட்டி அம்மா தலையில் விழுந்தது.

சாராள் அதைப் பாரமாக நினைத்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க அல்ஜீப்ராவோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால், கேட்டைத் திறப்பதற்குள் சேமியா குதித்துக் கும்மாளம் போடுவான். அந்தக் கும்மாளத்துக்காகவே அவள் ஸ்டாஃப் ரூம் அரட்டையைப் பாதியில் விட்டுவிட்டு வருவாள்.

சனிக்கிழமை மட்டும் இந்தச் சிநேகம் செல்லாது. அன்றைக்கு எண்ணெய்க் குளியல். நல்ல முடிக்கு எண்ணெய் வேண்டும் என்பது சாராளுக்கு வேதவாக்கு. மனுஷருக்குப் பொருந்துவது நாய்க்குப் பொருந்துமா என்று அவள் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. பின்கட்டுத் துணி துவைக்கும் கல்லில் சேமியாவை முழங்காலுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை உள்ளங்கையாகத் தேங்காய் எண்ணெய் அப்புவாள். ஸ்டீல் சீப்பை அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுப்பாள். அவன் அலறுவான். "அவ்ளோதான் செல்லம், முடிஞ்சிடுச்சு" என்று அவள் பொய் சொல்லுவாள். காலை டிபனுக்குப் பிறகு ஆரம்பித்தால், ஷாம்பு போட்டு அலசி, துவட்டி முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். இருவருக்கும் உடம்பு அடித்துப் போட்டது போலாகும்.

இத்தனை பாடுபட்டும் வாரத்துக்கு வாரம் சிக்கு கூடிக்கொண்டே போயிற்று. அதற்கு அவள் செய்த வைத்தியம், எண்ணெயை இன்னும் கொஞ்சம் கூட்டியது.

காதுக்குப் பின்னால், தொடையில், முன்னங்கால் அக்குளில் முடி திரண்டு கம்பளித் துண்டு மாதிரி கெட்டிப்பட்டது. அக்குளில் சீப்பு மாட்டி இழுத்த ஒரு சனிக்கிழமை, சேமியா அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். பல் லேசாகத்தான் பதிந்தது. கடித்த மறு நொடியே தலையைத் தாழ்த்திக்கொண்டு நடுங்கினான். சாராள் துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். வலிக்காக அழவில்லை.

அன்றோடு கும்மாளமும் நின்றது. அவள் வீட்டுக்கு வந்தால் சேமியா கட்டிலுக்கு அடியில் இருப்பான். கூப்பிட்டால் அவள் கணவர் வேதசிரோமணியின் வேட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பான். பிள்ளை வளர்த்து, கட்டிக்கொடுக்கிற வயதுக்குக் கொண்டுவந்த பெண்மணி, ஒரு நாய் தன்னைக் கண்டு ஒளிவதைத் தாங்க முடியாமல் சமையலறையில் போய் நின்றுகொள்வாள்.

கால்நடை மருத்துவர் ஸ்ரீவித்யா சேலையூரில் க்ளினிக் வைத்திருந்தார். வேதசிரோமணி நாயைப் பிடித்துக்கொள்ள, அவர் சிக்கை விலக்கிப் பார்த்தார். அடியில் தோல் சிவந்து கசிந்துகொண்டிருந்தது.

"எண்ணெய் வைக்கிறீங்களா மேடம்?"

"செக்குல ஆட்டின எண்ணெய் டாக்டர். கலப்படம் கிடையாது" என்றாள் சாராள் பெருமையாக.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "எண்ணெயில தூசி வந்து ஒட்டிக்கும். சிக்கை எடுக்காம தண்ணி ஊத்தினா அது இன்னும் இறுகிடும். முதல்ல சிக்கு, அப்புறம்தான் குளியல். நீங்க தலைகீழா பண்ணியிருக்கீங்க."

"இப்ப என்ன பண்றது?"

"மொத்தமா மழிச்சிடலாம். ஆனா இவன் இப்படிப் பயப்படுறதுக்கு மயக்க மருந்து குடுத்துத்தான் செய்யணும். இவன் இதயத்துல ஒரு சத்தம் இருக்கு மேடம். முடியாதுன்னு சொல்லல, மயக்க மருந்தைத் தாங்குவானான்னு எனக்குப் பயமா இருக்கு. புண்ணுக்கு மருந்து தர்றேன், மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள கையால கொஞ்சம் கொஞ்சமா பிரிக்க முடிஞ்சா நல்லது. அவன் விட்டா."

அவன் விட்டால்தானே. சீப்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு பிஸ்கட்டை நீட்டினாள். பிஸ்கட்டைக் கவ்விக்கொண்டு ஓடினான். சிக்கன் துண்டு வைத்துப் பார்த்தாள். அதற்கும் அதே மரியாதைதான். ஒரு முழு பிஸ்கட் பாக்கெட் காலியாயிற்று. ஒரு சிக்குகூட அவிழவில்லை.

அந்த வீட்டில் தினமும் இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். பாய் விரித்து, ஒரு பாட்டு, பைபிளில் ஓர் அதிகாரம், பிறகு வேதசிரோமணியின் ஜெபம். அந்த ஜெபம் சபையிலேயே பெயர்போனது. நாட்டை ஆளுகிறவர்களில் தொடங்கி, சபைப் போதகர் ஐயர், வியாதியஸ்தர்கள், ஹைதராபாத்தில் மகள் என்று இறங்கி, கூடுவாஞ்சேரியில் தங்கை கட்டிக்கொண்டிருக்கும் வீடு, அந்த வீட்டு போர்வெல்லில் தண்ணீர் வரவேண்டியது வரைக்கும் போகும். பின்வாசல் வரை கேட்கிற குரல். சேமியா மட்டும் அந்தக் குரலில் சொக்கிப்போய்ப் பாயில் இருவருக்கும் நடுவே படுத்துத் தூங்குவான். கடித்த பிறகும் அந்த ஒரு நேரம் அவள் பக்கத்தில் வந்தான். ஜெபத்தில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், யாரும் எதையும் எடுக்க மாட்டார்கள் என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

அப்படி ஒரு நாள் கண்ணை மூடியிருந்தபோது அவள் கை அவன் தொடையில் போய்ப் படிந்தது. விரலில் ஒரு சின்னச் சிக்கு தட்டுப்பட்டது. தோலை இழுக்காதபடி முடியின் அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களால் நுனியிலிருந்து ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். யாரும் சொல்லித்தந்ததல்ல. கண் மூடியிருந்ததால் விரலே வழி தேடிக்கொண்டது. சேமியாவின் உடம்பு விறைத்தது. அவள் கையை எடுத்துவிட்டாள். சற்றுப் பொறுத்து அவன் நீளமாக மூச்சு விட்டான். மறுபடி தொட்டாள். அவன் முகத்தைத் திருப்பினான். மறுபடி எடுத்தாள். தங்கை வீட்டு போர்வெல்லுக்கு ஜெபம் வந்து சேர்ந்தபோது சிக்கு பஞ்சாகப் பிரிந்து அவள் விரலில் கிடந்தது. நாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பூராவும் முழங்காலால் அழுத்திப் பிடித்தும் நடக்காத காரியம், கையை எடுத்ததால் நடந்திருக்கிறது. அவளுக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் இதற்கு விடை இல்லை.

மறுநாள் இன்னொரு சிக்கு. அதற்கு மறுநாள் இன்னொன்று. எண்ணெய்ப் பாட்டில் சமையலறைக்குத் திரும்பிப்போனது. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் தொடுவதில்லை, அவன் முகத்தைத் திருப்பினால் கை வேலை அங்கேயே நிற்கும். இவ்வளவுதான் சட்டம்.

வேதசிரோமணி ஒருநாள் பாதிக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டார்.

"சாராள், ஜெபத்துல என்ன கை வேலை?"

"நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க. இன்னும் கொஞ்சம் நீளமாவே பண்ணுங்க."

கல்யாணமான நாளிலிருந்து "சுருக்கமா முடிங்க" என்பதை மட்டுமே கேட்டுப் பழகிய மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு தொடர்ந்தார். அன்றிலிருந்து அடுத்த தெருக்காரர்களுக்கும் ஜெபம் கிடைத்தது.

பிறகு அகலப் பல் சீப்பு ஒன்றை வாங்கி, சும்மா பாயின் மேல் வைத்தாள். சில நாள் அது அப்படியே கிடந்தது. சேமியா முகர்ந்து பார்த்தான், அதன் மேலேயே தாடையை வைத்துத் தூங்கினான். அதற்குப் பிறகுதான் நுனி முடியில் இரண்டு இழுப்பு. போதும், அதோடு சரி. காதுக்குப் பின்னால் இருந்த கட்டியும் ஒரு வழியாகக் கரைந்தது. உள்ளே இருந்த முடி, அவன் குட்டியாக வந்தபோது இருந்தது போல அத்தனை மிருதுவாக இருந்தது. சாராள் அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். இத்தனை மாதமும் இதைத்தான் மூடிவைத்திருந்தோமா என்று இருந்தது.

அக்குள் மட்டும் மிச்சம். அங்கே விரல் போனாலே அவன் எழுந்து போய்விடுவான். மாசக் கடைசியும் வந்துவிட்டது. மறுநாள் காலையில் க்ளினிக்குக்கு வரச்சொல்லியிருந்தார்கள்.

அன்று ஜெபத்தில் சாராள் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். கடைசி நேரத்தில் அவசரப்பட்டு, கிடைத்த நம்பிக்கையையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானம். வேதசிரோமணி அன்றைக்கு ஆளுகிறவர்களை விட்டுவிட்டார். எடுத்த எடுப்பிலேயே, "ஆண்டவரே, எங்க சேமியா" என்றார். அதற்கு மேல் குரல் வரவில்லை.

முழங்காலில் ஏதோ கனத்தது. சாராள் கண்ணைத் திறந்தாள். சேமியா மல்லாந்து படுத்து, ஒரு முன்னங்காலைத் தூக்கி அவள் முழங்கால் மேல் வைத்திருந்தான். அக்குள் முழுசாகத் திறந்திருந்தது. கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

கையைக் கொண்டுபோனாள். அடியைப் பிடித்து, நுனியிலிருந்து இழை இழையாகப் பிரித்தாள். பாதியில் அவன் நடுங்கி முகத்தைத் திருப்பினான். சட்டப்படி கையை எடுத்துவிட்டாள், எடுக்க மனமில்லாமல்தான். கட்டி இன்னும் பாதி இருந்தது. சேமியா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி கிடந்தான். பிறகு திரும்பினான். காலை நீட்டி, அவள் கையைப் பிடித்து இழுப்பது போல இழுத்து, தன் அக்குளிலேயே கொண்டுவந்து வைத்தான்.

சாராள் ஏறிட்டுப் பார்த்தாள். வேதசிரோமணி கண்ணை அகலத் திறந்து, கூப்பிய கை கூப்பியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவன் முகத்தைத் திருப்பவில்லை. கடைசி இழை விட்டதும் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு உருண்டை அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. சேமியா எழுந்து உடம்பை ஒரு உதறு உதறினான், சுருள் சுருளாக அத்தனை முடியும் ஆடிற்று.

பாயை விட்டு எழாமலே சாராள் டாக்டருக்கு போன் போட்டாள்.

"டாக்டர், நாளைக்கு மயக்க மருந்து வேண்டாம். அக்குள்ல இருந்ததும் வந்திடுச்சு."

"அடடே! எப்படி மேடம் எடுத்தீங்க? அங்கதான் தொடவே விடமாட்டானே?"

சாராள் பதில் சொல்ல வாயெடுத்தாள். உள்ளங்கையில் இருந்த உருண்டையைப் பார்த்தாள்.

"நான் எடுக்கல டாக்டர்" என்றாள். "அவனா குடுத்தான்."