மோவாய் வரை ஏறிய இருட்டு

காபி என்றாலே இப்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

முதலில் வலது கண்ணில் மின்னல் வெட்டியது. மகள் நவ்யாவின் நிச்சயத்தில் போட்டோக்காரர் அடித்த ஃபிளாஷ் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கொசுக்கூட்டம் பறந்தது. கையால் விரட்டினேன். "யாருக்குங்க டாட்டா காட்டறீங்க?" என்றாள் என் மனைவி கோமளா.

கல்யாணம் அடுத்த வாரம். எங்கள் சொந்தத்தில் பத்திரிகையை ஜோடியாகப் போய்த் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். காபி குடிக்காமல் எழுந்தால் அவமரியாதை. கருமத்தம்பட்டியில் வீடு வீடாக ஏறி இறங்கும்போது, அந்தக் கண்ணில் கீழிருந்து ஒரு கறுப்புத் திரை எழுந்தது. காலையில் எதிரில் நிற்பவர்களின் செருப்பைக் காணோம். சாயங்காலம் இடுப்பைக் காணோம். "கண்ணு செரியில்லீங்க" என்று சொல்ல வாய் வந்தால்தானே? "இன்னும் அரை டம்ளர்?" என்றால் "ஊத்துங்க" என்கிறது.

மறுநாள் நான் வாசற்படி தெரியாமல் தடுக்கியதைப் பார்த்து, நவ்யாவும் கோமளாவும் என்னை ஆர்.எஸ்.புரம் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார்கள்.

"மேல்பக்கம் விழித்திரை கிழிஞ்சிருக்குங்க," என்றார் டாக்டர் பிரத்யுஷா. "அதுல தண்ணி பூந்து, ஈரச் செவுத்துல பேப்பர் உரியற மாதிரி உரிஞ்சு எறங்குது. மேல உரிஞ்சா உங்களுக்குக் கீழ மறையும். நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்குது. அதும் உரிஞ்சுட்டா, ஆபரேஷன் பண்ணாலும் மொகமெல்லாம் பழையபடி தெரியாதுங்க. இன்னைக்கே பண்ணோணும். அப்புறம் ஒரு வாரம் தலை குனிஞ்சே இருக்கோணும்."

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி போன் செய்தார். கண் ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொன்னேன்.

"ஏனுங்க, பெருந்துறைப் பெரியப்பாவுக்கு இன்னும் நேர்ல பத்திரிகை வெக்கலியாமுங்க. மொகஞ் சுண்டிப்போச்சு. ஒரு எட்டு போய்ட்டு வந்து கண்ணப் பாத்துக்கலாமுங்க."

"செரிங்க, போய்ட்டு வாரேனுங்க." சொன்னது நான்தான்!

"அப்பா!" என்றாள் நவ்யா. இடது கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தேன். தாலி ஏறப்போகும் கழுத்தைக் காணோம். மோவாயைக் காணோம். உதடு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

எனக்குள் எங்கே இருந்ததோ அவ்வளவு கோபம்.

"ஏனுங்க சம்பந்தி! உங்க பெரியப்பா மொகம் நாளைக்கு விரிஞ்சுக்குமுங்க. எம்பட பொண்ணு மொகம் போச்சுன்னா வராதுங்க. காபி குடிக்கோணும்னா அவர இங்க வரச் சொல்லுங்க, கேன்டீன்ல வாங்கித் தாரேன்!"

"அப்ப முகூர்த்தத்துக்கு..."

"தலை குனிஞ்சுட்டே வந்து நிப்பேனுங்க. பொண்ணப் பெத்தவன் அப்படி நின்னாத்தான உங்களுக்கெல்லாம் திருப்தி!"

போனை வைத்தேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"திட்டறப்பவும் 'ங்க' போடறீங்களே," என்று கோமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். நவ்யா குனிந்தாள். மறுபடி இடது கண்ணை மூடினேன். உதடு பாதிதான் இருந்தது. மூக்கு முழுசாக இருந்தது.

"வேகமாத் தள்ளுங்க!" என்று கத்தினேன்.