மையத்து எடுக்கும் முன்

மௌத்தாகிக் கிடந்த மதினியின் உடல்மேல் கற்பூரத் தண்ணீரின் கடைசிக் குடத்தை ரம்ஸியா ஊற்றிய விதம் ஸுல்பிகா சாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"மெதுவா ஊத்துங்க புள்ள. மையத்துக்கும் நோகும்."

நோகட்டும் என்பது ரம்ஸியாவின் நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பிப்போன பஸீஹா மதினி கிணற்றடியில் விழுந்தவள்தான். த்ரீவீலர் வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. ரம்ஸியாவின் புருஷன் நஜாத்துக்கு அவள் மூத்த ராத்தா மட்டுமல்ல, தாய்க்குத் தாய். உம்மா மௌத்தான பிறகு உப்பளத்து வெயிலில் வெந்து தம்பியை ஆளாக்கினாளாம். கண்டக்குழியில் இந்தக் கதையை ரம்ஸியாவுக்குச் சொல்லாதவர் கிடையாது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று. சரி, தம்பியை வளர்த்தாள். தம்பி பெற்ற பிள்ளையை என்ன செய்தாள்? அதைக் கதைக்க மட்டும் ஒருவருக்கும் வாய் வராது.

கபன் துணி சுற்றி, மையத்தை நடு அறையில் கிடத்தினார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து முகம் பார்த்து, "பொருந்திக்கிட்டோம் ராத்தா, அல்லாஹ் மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். மையத்தை எடுக்குமுன், மௌத்தானவர் செய்த பிழைகளை மனதார மன்னித்துப் 'பொருத்தம்' சொல்லிவிடுவது அந்தக் கரையின் வழக்கம். ஒரே ஒருவர் மனம் வைக்காவிட்டாலும் கபுறுக் குழிக்குள் பாரமாகிவிடும் என்று பயம். முதலில் சொல்ல வேண்டியவர்கள் வீட்டுக்காரர்கள். ரம்ஸியா சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நீங்க இன்னும் சொல்லல்லியே" என்றாள் ஸுல்பிகா சாச்சி. நஜாத்துடைய உம்மாவின் தங்கச்சி அவள். இந்த வீட்டுக் காரியங்களுக்கெல்லாம் தலைவி.

"ஓம். சொல்லல்ல."

"அஸர் தொழுகைக்கு எடுக்கணும். சொல்லுங்க."

"ஏலாது சாச்சி."

யாஸீன் ஓதிக்கொண்டிருந்தவளும் நிறுத்திவிட்டாள். அத்தனை முகமும் திரும்பிற்று.

"யா அல்லாஹ், என்ன நெஞ்சு இது! அந்தப் பைத்தியப் புள்ளய வெச்சிக்கிட்டு அவ எவ்வளவு பொறுத்திருப்பா!"

"என்ட மக பைத்தியமில்ல. அவளுக்கு ஓட்டிசம். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சிப்போச்சி."

"என்னத்தயோ ஒரு பேரு. ஜின் புடிச்ச மாதிரிக் கத்துறதுக்கு இப்ப இங்கிலீசுலயும் பேரு வெச்சிட்டாங்க."

மையத்து மட்டும் நடுவில் கிடக்காதிருந்தால் ரம்ஸியா கையை ஓங்கியிருப்பாள். விறுவிறென்று குசினிக்கு, அடுப்படிப் பக்கம் போனாள்.

இரண்டு வருடத்துக்கு முன், மகள் ஸஃப்னாவுக்கு ஏழு வயது. பிள்ளையைப் பேச்சுப் பயிற்சிக்குப் புத்தளம் கூட்டிப்போகும் செலவுக்காக, கடலில் காற்றாடிப் பலகை ஓட்ட வரும் வெள்ளைக்காரர்களின் விடுதியில் ரம்ஸியா துணி கழுவப் போனாள். பிள்ளையை மதினி பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் விடுதியில் தண்ணீர் நின்றுபோக, வேளையோடு வீட்டுக்கு வந்தாள். குசினிக்குப் பின்னால், உச்சி வெயிலில், தென்னைமரத்தோடு வலைக்கயிற்றால் பிள்ளையின் காலைக் கட்டியிருந்தது. புதுக் காயத்தின் கீழே பழைய தழும்பும் இருந்தது. மதினியோ, நான் கட்டவேயில்லை, வலைக்குள் விளையாடிச் சிக்கியிருப்பாள் என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டாள். நஜாத் ராத்தாவைத்தான் நம்பினான். மனைவி கண்ணால் கண்டதை நம்பவில்லை. அந்த வயிற்றெரிச்சல் ரம்ஸியாவுக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சாச்சி போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நஜாத் அழுது வீங்கிய கண்ணோடு குசினி வாசலில் வந்து நின்றான்.

"ஒரு வார்த்ததானே ரம்ஸியா. என்ட மூஞ்சிக்காகச் சொல்லு."

"ஒங்கட மூஞ்சிக்காகத்தான் இவ்வளவு காலமும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தன். போதும்."

"மௌத்தான மனிசியோட என்ன கோவம்?"

"உசிரோட இருக்கக்குள்ள ஒரு தரம் வந்து, செஞ்சது பிழதான் எண்டு சொன்னாவா? சொல்லியிருந்தா அண்டைக்கே பொருந்தியிருப்பன்."

"செய்யாதத எப்பிடிச் சொல்லுவா?"

அந்தச் சொல் போய் விழுந்த இடம் அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும், பார்வையைத் தாழ்த்தினான்.

"அப்ப நான் பொய்க்காரி" என்றாள் ரம்ஸியா. "சரி. பொய்க்காரிட பொருத்தம் ஒங்களுக்கு எதுக்கு? கட்டினது என்ட கால இல்ல. கால் ஆருடையதோ அவக்கிட்டக் கேளுங்க."

குத்துவதற்காகத்தான் சொன்னாள். அவன் கேட்கவே போய்விடுவான் என்று நினைக்கவில்லை.

ஸஃப்னா அரிசி வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாக்கிலிருந்து நூல் உருவிக்கொண்டிருந்தாள். தன் சொல்லாக அவள் ஒன்றும் பேசுவதில்லை. என்றோ காதில் விழுந்ததை, விழுந்த குரலிலேயே திருப்பிச் சொல்வாள். பஸ்காரனின் "புத்தளம், புத்தளம்" அவள் வாயில் வந்தால் அயல்வீட்டுக்காரி பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள்.

நஜாத் அவள் முன்னால் முழந்தாளிட்டான். சாச்சியும் இன்னும் நாலைந்து பெண்களும் வாசலை அடைத்து நின்றார்கள்.

"வாப்பாட தங்கமே, பஸீஹா மாமி போய்ட்டாங்க. மாமிய நீங்க பொருந்திக்கிட்டீங்க, என்ன மக?"

சொல்லிக்கொண்டே மன்னிப்புக் கேட்பவன் மாதிரி அவள் காலைத் தொட்டான்.

ஸஃப்னா வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"கால நீட்டு. நீட்டுடி சனியனே. வாப்பாக்கிட்டச் சொல்லுவியோ? சொல்ல ஒனக்கு வாய் இரிக்கா?"

கடைசியில் வறட்டு இருமல் ஒன்றும் இருமினாள். உப்புத் தூசியில் பஸீஹாவுக்கு வந்த அதே இருமல். வாசலில் நின்ற ஒருத்தி நடு அறையைத் திரும்பிப் பார்த்தாள், மையத்து கிடந்தபடியே கிடந்தது. ஸுல்பிகா சாச்சி முக்காட்டை இழுத்து வாயில் பொத்திக்கொண்டாள்.

கயிறு ரம்ஸியாவுக்குத் தெரியும். இந்த வார்த்தைகள் தெரியாது. என்ட மகளே, இதையெல்லாமா சுமந்துகொண்டு என் பக்கத்தில் படுத்தாய் என்று நினைத்தாள். நஜாத் எழும்பவேயில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. ரம்ஸியா அவனைத் தூக்கிவிடப் போகவில்லை. பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பள்ளியில் அஸருக்கு பாங்கு சொன்னார்கள். ஆம்பிளைகள் உள்ளே வந்தார்கள். பொருத்தம் என்ற பேச்சை அதன் பிறகு ரம்ஸியாவிடம் யாரும் எடுக்கவில்லை. மையத்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து முற்றத்துக்குக் கொண்டுபோனபோது அவள் ஜன்னல் திரையை விலக்கினாள்.

நஜாத் சந்தூக்கின் முன்கொம்பைத் தோளில் வாங்கியிருந்தான். மௌலவி சனத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"மர்ஹூமா பஸீஹா யாருக்காவது ஒரு குறை செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக அவங்கள நீங்க எல்லாரும் பொருந்திக்கொள்ளணும்."

"பொருந்திக்கிட்டோம்" என்றது முற்றம். மௌலவி திரும்பவும் கேட்டார். முற்றம் திரும்பவும் சொன்னது.

ரம்ஸியா புருஷனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.