பர்வதத்தின் திக்குவாய்

தமிழ்மணிக்குப் பெண் வேஷம் கட்டுவது புதிதில்லை. கடலூரை ஒட்டிய குடிகாட்டுக் கெமிக்கல் கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் நாடகக் குழு அது. நடிக்க எந்தப் பெண்பிள்ளை வரப்போகிறாள்? மீசையில்லாத ஒரே ஆள் என்பதால் கதாநாயகி எப்போதும் இவன் தலையில்தான் விடிவாள். இந்த முறை சிரிப்பு நாடகம். இவன் பர்வதம், வேலைக்குக் கிளம்பும் புருஷனைப் பத்து தடவை திரும்பக் கூப்பிட்டு உயிரை வாங்கும் பெண்டாட்டி.

ஒத்திகையில் பர்வதம் எடுபடவே இல்லை. "என்னாடா இது, கரண்டு பில்லு படிக்கிற மாதிரி பேசுற?" என்று கடிந்தார் ஆரோக்கியராஜ். நாடகத்தை எழுதியவரும் அவரே, புருஷனாக நடிப்பவரும் அவரே. அப்போதுதான் தமிழ்மணியின் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

"மா... மா... மாத்திரை எடுத்துக்கினீங்களா?" என்றான். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அது அவன் மனைவி சந்திரலேகாவின் திக்கல். பயம் வந்தால் மட்டும் திக்கும். பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டுப் போன தமிழ்மணி ஒருநாள் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தான். அதிலிருந்து தினமும் காலையில் கேட் வரைக்கும் வந்து கேட்பாள். வெளி ஆட்கள் முன்னால் அதிகம் வாய் திறக்க மாட்டாள். புருஷனிடம் மட்டும் கூச்சமில்லாமல் திக்குவாள்.

பர்வதத்துக்குப் புடவை கொடுத்ததும் அவள்தான் என்பதுதான் கொடுமை. கொசுவம் வைக்கச் சொல்லிக்கொடுத்து, "பொம்பளைங்க இப்பிடிக் கால அகட்டி நடக்கமாட்டாங்க" என்று சிரித்தாள்.

கடலூரில் நாடகம் சக்கைப்போடு போட்டது. மகளுக்குப் பரீட்சை என்று சந்திரலேகா வரவில்லை. அவள் திக்குவது அங்கே யாருக்கும் தெரியாது. "எங்கடா புடிச்ச இந்தப் பொம்பளைய?" என்று தோளில் தட்டினார்கள். வெட்கமில்லாமல் பல்லைக் காட்டினான். சிதம்பரத்தில் போடக் கூப்பிட்டபோதுதான் காட்டிய பல் உள்ளே போனது. அது அவள் பிறந்த ஊர்.

"நீ வராத. உன்னப் பாத்தா எனக்கு வசனம் மறந்துடும்" என்றான். அவளும் நம்பினாள்.

சிதம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் திரை விலகியது. மூன்றாவது வரிசையில் சந்திரலேகா. பக்கத்தில் அவள் தம்பி தில்லைநாதன், சித்தி, பெரியப்பா. மாமா அசந்துபோகட்டும் என்று தம்பிக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் அக்காவை அழைத்து வந்திருந்தான்.

திக்காமல் சொல்லிவிடுவோம் என்று தமிழ்மணி நினைத்தான். முதல் தடவை ஒழுங்காகவே சொன்னான். சபை உம்மென்று இருந்தது. முன்னால் இருந்த பெரியவர் கொட்டாவி விட்டார். "டேய், திக்குடா!" என்று பல்லைக் கடித்தார் ஆரோக்கியராஜ். சிரிப்பு நாடகத்தில் யாரும் சிரிக்காவிட்டால் மேடையில் நிற்பவனுக்கு நெருப்பில் நிற்கிற மாதிரிதான். அதற்காக? அவனுக்கு அந்த நேரம் பெண்டாட்டியைவிடக் கைதட்டல் பெரிதாகப் போயிற்று.

"மா... மா... மாத்திரை..."

மண்டபம் அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். தில்லைநாதன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். சந்திரலேகா சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் அது தன் திக்கல் என ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று உதட்டை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பு அது. அதைப் பார்த்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. நாடகம் முடியும்வரை திக்கினான்.

தில்லைநாதன் மேடைக்குப் பின்னால் வந்தான். ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலாம்.

"நல்லா இருந்துச்சி மாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கையில் டோப்பாவும் உதட்டில் சாயமுமாகத் தமிழ்மணி கூனிக்குறுகி நின்றான்.

கடலூர் வரும்வரை பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க இவனுக்கு வாய் வரவில்லை. கேட்கப்போய்த் திக்கிவிட்டால், அதையும் நடிப்பென்று நினைப்பாளே என்று பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போல் கேட் வரை வந்தாள். கேட்பாள் என்று நின்றான். அவள் உதடு அசைந்தது, மூடிக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

பஸ்ஸில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். மாத்திரை இருந்தது. அவன் எடுத்து வைக்கவில்லை. கம்பெனி வாசலில் இறங்கிப் போன் போட்டான்.

"நாந்தான். வந்து சேந்துட்டேன்."

"ம்."

"மாத்திர இருக்குது."

"ம்."

"எதனா பேசேன், லேகா."

"ம்" என்றாள். அதில் திக்குவதற்கு ஒன்றுமில்லை.